காலி அறைக் கோட்பாடு: உள்ளறைத் திருப்புளித் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

பல்நுனித் திருப்புளி என்பது ஒரே பிடியில் பல நுனிகளை மாற்றி மாற்றிச் செருகிப் பயன்படுத்தும் கருவி. அந்நுனிகளுக்குக் கடைவீதிப் பெயர் பிட். வேலையில் இல்லாத பிட்டுகள் பிடிக்குள்ளேயே தங்கும்படி அமைந்தால் அது உள்ளறைத் திருப்புளி. பிட்டுகள் தனிப் பெட்டியில் வரிசையாகப் படுத்திருக்கும் வகை இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அப்பெட்டி ஒருநாள் சரியாக மூடப்படாமல் தூக்கப்படும். அதன் பிறகு அது பிட் இருந்த பெட்டி.

உள்ளறைத் திருப்புளி வாங்குவோர் முதலில் அதில் எத்தனை பிட் என்று எண்ணுகின்றனர். பிட்டை விட்டுவிட்டு அறையை எண்ண வேண்டும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். அதை நிறுவுமுன் பெயரையும் நுனியையும் தெளிவுபடுத்திக்கொள்வது முறை.

பெயர்

அகராதிகள் தரும் சொல் திருப்புளி. திருப்பு, உளி என்று பிரியும் காரணப்பெயர் இது, திருப்புகிற உளி. திரு, புளி என்று பிரித்தால் பொருள் ஆழ்வார்திருநகரிக்குப் போய்விடும். நம்மாழ்வார் வீற்றிருந்த புளியமரத்தை வைணவர் திருப்புளியாழ்வார் என்றே வணங்குவர். பிரெஞ்சு மொழியில் இக்கருவிக்குத் தூர்ன்விஸ் என்று பெயர். அதுவும் திருகைத் திருப்புவது என்றே பொருள்படும். ஆங்கிலம்தான் இதை டிரைவர் ஆக்கியது. அதன் விளைவு தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. சொந்தக் கார் உள்ள வீட்டில் “டிரைவர் எங்கே?” என்று குரல் கொடுத்தால், “இழுப்பறையில பாருங்க” என்று சமையலறையிலிருந்து ஒரு பதிலும், “இதோ வந்துட்டேன் சார்” என்று வாசலிலிருந்து ஒரு பதிலும் வரும்.

நுனிகளின் பெயரில் உள்ள குழப்பம் இதைவிடப் பெரிது. கூட்டல் குறி போலப் பள்ளமுள்ள திருகைத் தமிழ்நாட்டுக் கடைகள் ஸ்டார் என்கின்றன. ஒற்றைப் பிளவு உள்ளது ஃபிளாட், அல்லது மைனஸ். வாசல் கோலத்தில் போடும் நட்சத்திரத்துக்கே ஆறு முனை உண்டு. நான்கே முனையுள்ள ஒன்று எப்படி ஸ்டார் ஆனது என்பதற்கு விளக்கமில்லை. ஆகவே இதை இடுகுறிப்பெயர் என்று கொள்வதே பொருத்தம். இடையூறு என்னவென்றால், ஆறு முனை உடைய டார்க்ஸ் என்ற உண்மையான நட்சத்திரத் திருகு 1967இல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனத்தில் பிறந்து, பின்னாளில் இங்கு வந்து சேர்ந்தபோது, ஸ்டார் என்ற பெயர் ஏற்கெனவே வேறொருவருக்குப் பட்டா போடப்பட்டிருந்தது. முதன்மைச் சான்றாக ஓர் உரையாடலைக் காட்டலாம். தந்தை ஸ்டூல்மேல் நிற்கிறார். ஒரு கையால் மின்விசிறியின் கிண்ணத்தைத் தாங்கிக்கொண்டு மறுகையைக் கீழே நீட்டுகிறார். மகன் பிட்டுகளை உள்ளங்கையில் கொட்டி வைத்திருக்கிறான்.

“தம்பி, அந்த ஸ்டாரை எடுத்துக் குடு.”

“எந்த ஸ்டார்ப்பா? இதுல நாலஞ்சு இருக்கு.”

“பெரிய ஸ்டார்டா.”

“பெருசுக்கு ஆறு கால் இருக்கே.”

“அது ஸ்டார் இல்லடா. ப்ளஸ் மாதிரி இருக்கும் பாரு, அதான் ஸ்டார்.”

வடிவியல்படி மகன் சொல்வதே சரி. வழக்கின்படி தந்தை சொல்வது சரி. கிண்ணம் தந்தையின் கையில் இருப்பதால் வழக்கே வென்றது. குழப்பம் தவிர்க்க, இக்கட்டுரை கூட்டல் குறி வடிவத்தை பிலிப்ஸ் என்றும் ஆறு முனை வடிவத்தை டார்க்ஸ் என்றும் அவற்றின் பதிவுப் பெயராலேயே சுட்டும்.

நுனி

திருப்புளிக்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியப் பகுதியில் எழுதப்பட்டு வோல்ஃபெக் கோட்டையில் காக்கப்பட்டுவந்த ஓவியச் சுவடியில் இருக்கிறது. கட்டடக்கலை எழுத்தாளர் விட்டோல்ட் ரிப்சின்ஸ்கி திருகுக்கும் திருப்புளிக்குமாகவே 2000இல் ஒரு தனி நூல் எழுதியவர். அச்சுவடியிலுள்ள படத்தை அதில் எடுத்துக்காட்டுகிறார். அப்படத்துத் திருப்புளிக்கு ஒரே நுனி. அது தொலைய வேண்டுமானால் கருவியோடுதான் தொலைய வேண்டும். ஒற்றைப் பிளவுத் திருகு ஆண்ட நூற்றாண்டுகளில் நுனியின் அகலம் மாறியதே அன்றி வடிவம் மாறவில்லை.

வடிவங்கள் பெருகியது 20ஆம் நூற்றாண்டில். கனடாவின் பீட்டர் லிம்பர்னர் ராபர்ட்சன் 1908இல் சதுரப் பள்ளமுள்ள திருகை உருவாக்கி, ஒன்டாரியோவின் மில்டன் நகரில் ஆலை வைத்தார். விற்பனைக்காகச் செயல்முறை காட்டும்போது பிளவுத் திருகிலிருந்து திருப்புளி வழுக்கி அவர் கையைக் கிழித்ததே தூண்டுதல் என்பது வழங்கும் கதை. டொராண்டோவில் வாழும் தமிழர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் திருப்புளிகளில் பச்சையும் சிவப்புமாக அடையாளமிட்ட சதுர பிட்டுகள் இருப்பது இதனால்தான். பச்சை முதல் எண், சிவப்பு இரண்டாம் எண். யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் அவற்றுக்கு வேலை கிடைப்பது அரிது; பட்டம் பெற்ற உறவினரைப் போலப் பிடிக்குள் மரியாதையாக அமர்ந்திருக்கும்.

1936இல் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் தம் குறுக்குப் பள்ளத் திருகுக்குக் காப்புரிமை பெற்றார். கேடிலாக் கார் தயாரிப்பில் அது முதலில் நுழைந்தது. அளவுக்கு மீறி முறுக்கினால் நுனி தானே பள்ளத்தைவிட்டு ஏறி வெளியே வந்துவிடுவது பிலிப்ஸின் இயல்பு. திருகு முறியாமல் காக்கவே இப்படி வேண்டுமென்று அமைத்தார்கள் என்று ஒரு சாரார் கூறுவர். 1936ஆம் ஆண்டுக் காப்புரிமையில் அப்படி எதுவும் இல்லை. பின்னால் வந்த திருத்த வடிவத்துக்கான காப்புரிமையில்தான் அது ஒரு சிறப்பாகப் பேசப்படுகிறது. குறையைப் பிற்காலத்தில் குணமாக எழுதிக்கொள்ளும் வழக்கம் குடும்ப வரலாறுகளிலும் உண்டு. தமிழில் புத்தி பேதலித்தவரை மரை கழன்றவர் என்பர். இங்கே கெடுவது மரை அன்று, மண்டை. மண்டை தேய்ந்த திருகு எக்காலத்திலும் கழலாது.

இனி, திருகுகளின் தலைக்கட்டு. தமிழ்நாட்டு வீடு ஒன்றில் மின்விசிறி, கேஸ் அடுப்பு, மிக்ஸி, டிவியின் முதுகு எல்லாவற்றையும் பெரும்பாலும் பிலிப்ஸ் 2 எண் பிட்டே திறந்துவிடும். ரிமோட்டுக்கும் பொம்மையின் பேட்டரி மூடிக்கும் 1 எண், சில வேளை 0. பழைய கதவுக் கீலுக்கு அகல ஃபிளாட், பிளக்கின் உள்ளே இருக்கும் பித்தளைத் திருகுக்கு மெல்லிய ஃபிளாட். ஸ்விட்ச் போர்டுத் திருகுகள் பலவற்றில் கூட்டலும் கழித்தலும் ஒரே தலையில் இருக்கும். எதைக் கொண்டு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் நல்ல குணம். காதுத் தோட்டின் திருகாணிக்கு விரலே போதும். ஆக, நான்கு பிட், மிஞ்சினால் ஐந்து. இவற்றுக்கு அப்பால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மாடுலர் கிச்சனின் ஐரோப்பிய வழிக் கீல்களில் இருப்பது பிலிப்ஸ் போலத் தோன்றும் போசிட்ரிவ். உற்றுப் பார்த்தால் கூட்டல் குறிக்கு இடையே மெல்லிய பெருக்கல் குறி தெரியும். ஜப்பானிய வழி வந்த இருசக்கர வாகனங்களில் ஜப்பான் தரத் திருகு உண்டு. அதன் தலையில் மூக்குத்தி அளவு ஒரு புள்ளி இருக்கும். இவ்விரண்டிலும் சாதாரண பிலிப்ஸைப் போட்டு முறுக்கியவர்கள்தான் மண்டை தேய்ந்த திருகுகளின் உரிமையாளர்கள்.

நான்கு பிட் போதும் என்றிருக்க, கடையில் 32-இன்-1 ஏன் விற்கிறது? எண்ணும் முறையில் விடை இருக்கிறது. வட அமெரிக்காவில் பிரபலமான 6-இன்-1 வகையை எடுத்துக்கொள்ளலாம். அதில் பிட் இரண்டே. ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் நுனி, ஆக நான்கு. பிட்டை உருவிய பின் தண்டின் இரு முனைகளும் நட்டு திருகும் குழல்கள், ஆக ஆறு. இது நேர்மையான கணக்கு. ஆனால் அக்குழல்கள் கால் அங்குலமும் 5/16 அங்குலமும் ஆகும். 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் நட்டின்மேல் சற்று இறுக்கமாக இறங்கிவிடும். கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர், எம்4 நட்டின் 7 மில்லிமீட்டருக்கு அது போதாது. எனவே மெட்ரிக் நாட்டில் 6-இன்-1 என்பது நடைமுறையில் 5-இன்-1. பெரிய எண் போட்ட கிட்டுகளில் நீட்டுத் தண்டும் இடுக்கியும்கூட எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவதுண்டு. கல்யாண மண்டபத்தில் பந்தி எண்ணுபவர் பரிமாறுபவரையும் சேர்த்து எண்ணுவது போன்றது இது. 2009இல் ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினியில் கொண்டுவந்த ஐந்திதழ்த் திருகுக்கான பிட்டும் அந்தக் கிட்டுகளில் இருக்கும். அதைப் பயன்படுத்தத் துணிந்தவர் கடைசியில் மடிக்கணினியைக் கடையில் கொடுத்துவிடுவதே வழக்கம்.

வீடு

பிட் தங்கும் இடத்தை வீடு என்று கொண்டால், வீடுகள் சில வகைப்படும். உற்பத்தியாளர்கள் ஆளுக்கொரு வணிகப் பெயர் சூட்டியிருப்பதால், இங்கே தமிழ் இல்லங்களில் அறிமுகமான கொள்கலன்களின் பெயரால் அவை பிரிக்கப்படுகின்றன.

முதலாவது சுருக்குப்பை வகை. பிடி உள்ளீடற்றது, பின்புறம் மூடி. மூடியைத் திறந்தால் எல்லா பிட்டும் ஒரே குழியில் கலந்து கிடக்கும். பாட்டியின் இடுப்புச் சுருக்குப்பையில் கொட்டைப்பாக்கும் சில்லறையும் பீரோ சாவியும் கலந்து கிடப்பது போன்றதுதான். ஆனால் பாட்டி பார்க்காமலே கைவிட்டுச் சாவியை எடுப்பார், இங்கே விரல் நுழையாது. கவிழ்த்துக் கொட்ட வேண்டும். கொட்டினால் வேண்டிய பிட் கடைசியில் விழும். கட்டிலுக்கு அடியில் உருள்வது அதுதான். விலை குறைந்த திருப்புளிகளில் பெரும்பாலானவை இவ்வகை.

இரண்டாவது அஞ்சறைப்பெட்டி வகை. பிட்டுகள் பிடிக்குள் வட்டமாக, தனித்தனிக் குழிகளில் நிற்கும். கொள்கையளவில் இதை மிஞ்சிய அமைப்பு இல்லை. நடைமுறையில் ஒரு பெருங்குறை: பல தயாரிப்புகளில் பிட்டுகள் தலைகீழாக, நுனி உள்ளேயும் வால் வெளியேயுமாக நிறுத்தப்பட்டிருக்கும். வால் எல்லாவற்றுக்கும் ஒன்றே, 6.35 மில்லிமீட்டர் அறுகோணம். மூடியைத் திறந்தவருக்கு ஒன்றுபோல் ஆறு அறுகோணங்கள் தெரியும். அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் எல்லாக் கிண்ணத்திலும் கடுகே தெரிந்தால் சமைப்பவர் என்ன சொல்வாரோ, அதையே இங்கும் சொல்லலாம். நுனி மேலே தெரியும்படி நிறுத்தியதையோ, வாலில் எழுத்துப் பொறித்ததையோ, வண்ண வளையம் இட்டதையோ மட்டுமே இவ்வகையில் வாங்கத் தகும்.

மூன்றாவது இழுப்பறை வகை. பொத்தானை அழுத்தினால், அல்லது பிடியின் வாலைப் பிடித்து இழுத்தால், அதன் உள்பகுதி பிட்டுகளோடு வெளியே வரும். ஜெர்மனியின் வெரா, கனடாவின் மெகாப்ரோ ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. பிட்டுகள் பக்கவாட்டில் முழு உடலும் தெரியப் படுத்திருப்பதால் தேடல் இல்லை. கனடாவின் பிக்குவிக் இன்னொரு வழி கண்டது. பிட் செருகும் முன்முனையான மூக்கிலிருந்து எடுத்த பிட்டைக் கொண்டே பிடியிலுள்ள பிட்டைத் தள்ள வேண்டும். தள்ளியது உள்ளே போகும், தள்ளப்பட்டது வெளியே வரும். பண்டமாற்று. பிட்டுகளைப் பிடியின் இடுப்பில் ரப்பர் வாரில் செருகிவைக்கும் வகையும் உண்டு. அதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, விழுந்துவிடும்.

இனித் தேற்றம். பிட் மாற்றும் செயலை மெதுவாகக் கவனித்தால் அதில் மூன்று பொருள்கள் பங்குபெறுவது தெரியும்: திருப்புளி, வெளியேறும் பிட், உள்ளே வரும் பிட். மனிதருக்குக் கை இரண்டு. மூன்றாவது பொருள் வாயிலோ சட்டைப் பையிலோ ஜன்னல் விளிம்பிலோ வைக்கப்படும். வாயில் வைத்தது திரும்பி வரும், பேசவேண்டிய தேவை ஏற்படாத வரை. சட்டைப் பைக்குப் போனது துவைக்கும்போது கிடைக்கும். ஜன்னல் விளிம்புக்குப் போனதைப் பற்றிப் பதிவு இல்லை.

இம்மூன்றாம் கைச் சிக்கலைத் தீர்ப்பது காலி அறை. ஒரு திருப்புளியில் பன்னிரண்டு பிட் இருந்தால், ஒன்று எப்போதும் மூக்கில் இருக்கும். பிடிக்குள் இருப்பது பதினொன்று. இதைக் கணக்குப் போட்டுப் பதினோரு அறை மட்டும் வைப்பவர் சிக்கனமானவர்; ஆனால் அவர் திருப்புளியில் வெளியேறும் பிட்டுக்கு இடமில்லை. முதலில் உள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதன் அறையில் மூக்கிலிருந்ததைத் தங்கவைத்து, பிறகு கையிலிருப்பதை மூக்கில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் குடியிருப்பு மாறுவதால், பத்து நாளில் எந்த அறையில் எவர் என்பது யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு அறை வைத்தவரிடம் மூக்கிலிருக்கும் பிட்டின் சொந்த அறை எப்போதும் காலியாகக் காத்திருக்கும். வெளியேறுவது முதலில் வீட்டுக்குப் போகும், பிறகுதான் அடுத்தது புறப்படும். எந்த நொடியிலும் கையில் ஒரே பிட்தான். காலி அறையைப் பார்த்தாலே மூக்கில் இருப்பது எது என்றும் தெரிந்துவிடும். வேலை முடிந்தபின் ஒரு அறைக்குப் பதில் இரண்டு அறை காலியாக இருந்தால், ஸ்டூலுக்குக் கீழே தேடத் தொடங்க வேண்டிய நேரமும் அதுதான்.

ஆகவே பன்னிரண்டு பிட்டுக்குப் பன்னிரண்டு அறை. ஆறுக்கு ஆறு. இந்தச் சமன்பாடு பொருந்தாத திருப்புளியை, அதன் எஃகு எவ்வளவு நல்லதாயினும், இரண்டாம் தரமாகவே கொள்ள வேண்டும்.

இதற்கொரு மறுப்பு உண்டு. மூக்கிலிருக்கும் பிலிப்ஸ் 2 எண்ணை யாரும் மாற்றுவதே இல்லை. மாற்றாத பிட்டுக்கு அறை எதற்கு என்பர். மறுப்பு வலுவானது. அவ்வாறாயின் அவர்களுக்குத் தேவை உள்ளறைத் திருப்புளியே அன்று. பச்சைப் பிடி போட்ட சாதாரண ஸ்டார் டிரைவர்.

மூக்கு, தண்டு, பிடி

மூக்கில் பிட்டை நிறுத்துவது பெரும்பாலும் காந்தம். காந்தம் தளர்வாக இருந்தால் ஒரு தனி நிகழ்வு ஏற்படும்: வேலை முடித்துத் திருப்புளியை இழுத்தால் கருவி மட்டும் கையோடு வரும், பிட் திருகின் மண்டையிலேயே குத்திக்கொண்டு நிற்கும். சுவரில் இது தொல்லை. கூரையில் இது கண்ணுக்கு ஆபத்து. காந்தம் வலுவாக இருந்தால் இரும்புத் தூளையெல்லாம் சேர்த்துத் தாடி வளர்த்துக்கொள்ளும். ஒரு கைக்குட்டையால் தீரும் குறை என்பதால் வலுவான காந்தமே ஏற்கத்தக்கது.

மூக்கின் பருமன் அதிகம் பேசப்படாத செய்தி. இதற்கு மிக்ஸியே நல்ல ஆய்வுக்கூடம். மிக்ஸியைப் பழைய நாளிதழின்மேல் கவிழ்த்து வைத்தால் அடியில் ரப்பர் கால்கள். அவற்றின் அருகே, ஓரத்தில் தேங்காய்ச் சட்னி காய்ந்த பொருக்கோடு, ஆழமான குழிகள். திருகு அக்குழியின் தரையில் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் பிட்டில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் மூக்குக்குள் போய்விடும். வெளியே நிற்பது ஒன்றரை சென்டிமீட்டர். அதற்குப் பின்னால் மூக்கின் தடித்த வளையம் குழியின் வாயில் முட்டிக்கொள்ளும். நுனிக்கும் திருகுக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி எஞ்சும். பன்னிரண்டு பிட்டும், ஒரு திசையில் மட்டும் பிடித்து முறுக்கும் ராட்செட்டும் உடைய திருப்புளி இப்படிக் குழிவாயில் நிற்க, எந்தக் காலத்திலோ வாங்கிய, தண்டின் இரு முனையும் நுனியான டூ-இன்-ஒன்னின் மெல்லிய தண்டு உள்ளே இறங்கித் திருகைக் கழற்றி வருவதே வழக்கம். 50 மில்லிமீட்டர் நீளப் பிட் ஒன்று வாங்கினால் இக்குறை தீரும். ஆனால் அது பெரும்பாலான உள்ளறைகளில் நுழையாது, வீடற்றதாகிவிடும். மெல்லிய மூக்குள்ளதைத் தேர்வதும், டூ-இன்-ஒன்னைத் தூக்கிப் போடாமல் இருப்பதும் நடைமுறைத் தீர்வு.

பிட்டின் வால் பொதுத்தர அறுகோணமா என்பதையும் பார்க்க வேண்டும். கால் அங்குல வால் உலகப் பொது. ஒன்று தொலைந்தால் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். தனக்கென்று தனி அளவு வைத்த நிறுவனத்தின் பிட் தொலைந்தால் அந்த அறை நிரந்தரமாகப் பூட்டிய வீடுதான். கைப்பேசி, மூக்குக்கண்ணாடி வேலைக்கான 4 மில்லிமீட்டர் வால் கொண்ட நுண்பிட்டுகள் வேறு சாதி. இரண்டையும் ஒரே பிடியில் எதிர்பார்ப்பது கடப்பாரையால் பல் குத்துவது.

எஃகு குறித்துச் சுருக்கமாகச் சொல்லலாம். எஸ்2 எனப்படும் கருவி எஃகு நல்லது. குரோம் வனேடியம் போதுமானது. கடினம் ராக்வெல் சி அளவில் 60 ஒட்டி இருப்பது வழக்கம். அதற்கு மிகக் கீழே போனால் முதல் இறுகிய திருகிலேயே நுனியின் இதழ்கள் ஜிலேபி போல முறுக்கிக்கொள்ளும். மிக மேலே போனால் நுனி உடைந்து தெறிக்கும். பெயர் எதுவும் பொறிக்காத பளபளப்பான பிட்டுகள் ஜிலேபி வகையைச் சேர்ந்தவை என்று கொள்ளலாம்.

பிடியைப் பொறுத்தவரை உள்ளறை தற்செயலாக ஒரு நன்மை செய்கிறது. பிட்டுக்கு இடம் வேண்டிப் பிடி தடிக்கிறது. அதே பிடிப்பு வலுவில் 20 மில்லிமீட்டர் பிடியைவிட 30 மில்லிமீட்டர் பிடி ஒன்றரை மடங்கு முறுக்குவிசை தரும். கைக்குள் அடங்கும் வரைதான் இந்தக் கணக்கு. எடையும் கூடும். ஒரு பிட் சுமார் 6 கிராம், முக்கால் சவரன். பன்னிரண்டு பிட் 9 சவரன். இவ்வளவு சீதனத்தை வாலில் சுமப்பதால் கருவி பின்பாரமாகச் சாயும். மேலே பார்த்து வேலை செய்யும்போது மணிக்கட்டு இதை உணரும். கண்ணாடி போன்ற பழைய மஞ்சள் பிடிகளை நீண்டநாள் மூடிய பெட்டியில் வைத்துத் திறந்தால் ஒரு சிக்கு வாடை அடிப்பதுண்டு. அசிட்டேட் பியூட்டிரேட் என்ற பிளாஸ்டிக் மெல்லச் சிதைந்து பியூட்டிரிக் அமிலத்தை வெளிவிடுவதே காரணம். கெட்டுப்போன வெண்ணெயின் வாடைக்கும் அதுவே காரணம். எலியைத் தேடி அலைந்தவர்களுக்கு இச்செய்தி பயன்படும்.

ராட்செட் வேண்டுமா என்ற கேள்விக்கு இரு தரப்பிலும் உறுதியான நம்பிக்கையாளர்கள் உண்டு. 72 பல் உள்ள ராட்செட் 5 பாகைக்கு ஒரு முறை பிடிக்கும். 36 பல் என்றால் 10 பாகை. பல் கூடினால் இடுக்கில் வசதி. ஆனால் விளம்பரத்தில் வராத குணம் ஒன்று உண்டு. திருகு பாதிக்குமேல் கழன்று தளர்ந்தபின், பிடியைப் பின்னுக்குத் திருப்பும்போது ராட்செட்டின் சொந்த உராய்வே திருகையும் கூடவே பின்னுக்குத் திருப்பிவிடும். இடமும் வலமுமாகக் கை ஆடும், ‘கிர்ர்’ என்று ஒலியும் வரும், திருகு நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னுராய்வு குறைந்த ராட்செட்டுக்குத்தான் காசு கொடுக்கலாம். இல்லையேல் ராட்செட் இல்லாததே மேல்.

கடையில்

சென்னை ரிச்சி தெருவிலோ ஊர்ப்புற ஹார்டுவேர் கடையிலோ வாங்குபவர் செய்யத்தக்க சோதனை, தேங்காய்ச் சோதனையின் மறுதலை. காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். தேங்காயில் சலசலப்பு நல்லது. திருப்புளியில் அமைதி நல்லது. கிலுகிலுப்பை போல ஒலித்தால் அது சுருக்குப்பை வகை, அல்லது அறை தளர்ந்த அஞ்சறைப்பெட்டி. அடுத்து, நுனியை ஒரு கையாலும் பிடியை மறுகையாலும் பற்றி முறுக்கிப் பார்த்து, நுனி அசையாமல் பிடி எவ்வளவு தூரம் வீணாகச் சுழல்கிறது என்று கவனிக்க வேண்டும். கொஞ்சம் ஆடும், முழு வளையலைச் சுற்றிவிட்டது போல ஆடக் கூடாது. மூன்றாவதாக, ஒரு பிட்டை எடுத்து, அதன் அறையில் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார். மின்சாரம் நின்ற வேளையில் இதே வேலையை அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும் என்று அவரிடம் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

பிளாஸ்டிக் குமிழுக்குள் அட்டையோடு ஒட்டி அடைக்கப்பட்ட திருப்புளிகளில் இம்மூன்றும் சாத்தியமில்லை. அங்கே எண்ணத்தக்கது அறைதான். உறை ஒளி ஊடுருவும். குழிகளை எண்ணி, பிட்டுகளை எண்ணி, இரண்டும் சமமா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

வீட்டில்

வாங்கியபின் வரும் செய்திகள் மூன்று. முதலாவது மின்சாரம். தமிழ் இல்லங்களில் நியான் விளக்குள்ள டெஸ்டரே திருப்புளியாகவும் வேலை செய்துவந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் புதிய திருப்புளியையும் ஓடும் மின்சாரத்தில் நுழைப்பது தவறு. மின்காப்புள்ள கருவிகளுக்கான ஐஇசி 60900 தரத்தின்படி 1000 வோல்ட் குறியும் இரட்டை முக்கோணமும் பிடியில் இருக்கும். உள்ளறைத் திருப்புளிகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. மூக்கும் தண்டும் திறந்த உலோகம். மெயினை அணைத்த பிறகே போர்டைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது சுத்தியல் வேலை. தடித்த பிடியும் பின்பாரமும் பார்த்து ஆணி அடிக்கத் தோன்றும். ஒற்றைத் தண்டுத் திருப்புளி அதைத் தாங்கலாம். உள்ளறை வகையில் அடிபடுவது வீட்டுக் கதவு. மூடியின் கொக்கி உடைந்தபின் அஞ்சறைப்பெட்டி மீண்டும் சுருக்குப்பையாகிவிடும்.

மூன்றாவது இரவல். பக்கத்து வீட்டுக்குப் போன திருப்புளி திரும்பிவரும். இவ்விஷயத்தில் அண்டை வீட்டார் நாணயமானவர்கள். ஆனால் பிலிப்ஸ் 2 எண் அறை காலியாக வரும், மூக்கிலும் அது இருக்காது. அவர்கள் வீட்டு மின்விசிறிக் கிண்ணத்தின் திருகில் அது இன்னும் குத்திக்கொண்டு நிற்கிறது. கேட்டு வாங்குவது உறவுக்கு ஆகாது. 25 மில்லிமீட்டர் பிலிப்ஸ் 2 எண் பிட் உதிரியாகக் கிடைக்கும். திருப்புளி வாங்கும் அன்றே இரண்டு கூடுதலாக வாங்கி அரிசி டப்பாவின்மேல் வைத்துவிட்டால் இரவலை நல்ல முகத்தோடு கொடுக்கலாம்.

பிட்டுக்கெல்லாம் வீடு கொடுத்த திருப்புளிக்கு வீடு எது என்பது எஞ்சும் கேள்வி. சமையலறையின் கடைசி இழுப்பறையில், ரப்பர் பேண்டு, கேஸ் புத்தகம், தீர்ந்த பேட்டரி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி ஆகியவற்றுக்கு அடியில் அது காணப்படுவது வழக்கம். மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அங்கே மாட்டிவைப்பது மேல். எடுக்கப் போகிறவர் சுவிட்சைக் கண்ணில் படாமல் கடந்து போக முடியாது. பின்முனையில் துளையுள்ள திருப்புளியைத் தேர்ந்தால் மாட்டுவது எளிது. அந்த ஆணியை எதனால் அடிக்கலாகாது என்பது இரண்டு பத்திக்கு முன் சொல்லப்பட்டது.